பறவையை அதன் இடத்தில் விடுதல்

அரபு மொழியில் ‘தாயிர்’ என்னும் சொல் பறவையைக் குறிக்கும். அச்சொல்லே சகுனத்தையும், ஒருவனுக்கு வாய்த்த ஊழையும் குறிக்கும். நம் தமிழிலோ ‘புள்’ என்பது பறவை. பறவையால் அறியப்படும் நிமித்தத்திற்கும் ‘புள்’ என்றே பெயர். பிறப்பால் உறவில்லாத இரு மொழிகள், ஒன்றையொன்று கேளாமலே ஒரே முடிவுக்கு வந்திருப்பதை எண்ணிப் பார்க்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. மனிதன் பறவையை வெறுமனே பார்த்தவன் அல்லன். தலைக்கு மேலே ஓர் உயிர் சிறகடித்துச் சென்றால், அது எனக்கு என்ன சொல்லிச் செல்கிறது என்பதே அவனது முதற் கேள்வியாக இருந்திருக்கிறது. அது தன் வேலையாய்ப் போகக்கூடும் என்னும் எண்ணம் அவனுக்கு நெடுங்காலம் தோன்றவே இல்லை போலும்.

அறியாமைக் காலத்து அரபிகளிடம் ‘ஸஜ்ர்’ என்றொரு வழக்கம் இருந்தது. பயணம் புறப்படுபவன், கூட்டிலோ தரையிலோ அமைதியாக அமர்ந்திருக்கும் பறவையைத் தேடிப் போய் விரட்டுவான். அது வலப்புறம் பறந்தால் காரியம் கைகூடும் என்று நடையைக் கட்டுவான். இடப்புறம் பறந்தால் வீடு திரும்பிவிடுவான். பறவை பட்ட பாடு எவர் கணக்கிலும் இல்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இவ்வழக்கத்தை விலக்கினார்கள். உம்மு குர்ஸ் (ரலி) என்னும் பெண்மணி வாயிலாக அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நபிமொழி, பறவைகளை அவை இருக்குமிடத்திலேயே இருக்க விடுமாறு பணிக்கிறது.

சிறிய கட்டளைதான். ஆனால் அதன்மீது அறிஞர்கள் எழுதியவை சிறியன அல்ல. இடம் என்பதற்கு அங்கே ஆளப்பட்டுள்ள ‘மகினாத்’ என்னும் சொல் உண்மையில் உடும்பின் முட்டைகளுக்குரியது. பறவைக்கு அது எவ்வாறு பொருந்தும் என்று மொழியறிஞர்கள் வாதிட்டனர். கூடுகள் எனப் பொருள்படும் ‘வுகுனாத்’ என்று சிலர் பாடம் கொண்டனர். இமாம் ஷாஃபி (ரஹ்) அவர்கள், இது சகுனத்திற்காகப் பறவையை விரட்டும் பழக்கத்தைத் தடுப்பது என்று விளக்கம் தந்ததாக அறிவிக்கப்படுகிறது. வேறு சிலரோ சொல்லை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டு, முட்டையும் குஞ்சுமாய் இருக்கும் பறவையைக் கலைக்கக் கூடாது என்பதே கருத்து என்றனர். ஒருவர் மனிதனின் நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறார். மற்றவர் பறவையின் கூட்டைப் பற்றிப் பேசுகிறார். மத்ரஸாவில் இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் இவ்விரண்டும் இரண்டல்ல என்றே எனக்குத் தோன்றும். தன்னிடமிருந்து எதையும் எதிர்பாராதவனுக்கு முன்னால் மட்டுமே பறவை தன் இடத்தில் இருக்க முடியும்.

எதையும் எதிர்பாராமல் ஒரு பறவையைப் பார்ப்பது மனிதனால் ஆகக்கூடியதுதானா? அப்படிப் பார்ப்பது கடமையாகுமா? இக்கேள்வியை நூல்களோடு நிறுத்தாமல், எங்கள் சாயல்குடிச் சீமையின் கண்மாய்க் கரைக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

சாயல்குடியை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். இராமநாதபுரம் மாவட்டத்தின் தெற்கே, கடலாடி வட்டத்தில், தூத்துக்குடி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர் இது. தெற்கே சற்றுத் தொலைவில் மூக்கையூர்க் கடல். ஊரைச் சுற்றிப் பனங்காடு, மிளகாய்க் கொல்லை, கருவேலங்காடு. ஆறு என்று சொல்லிக்கொள்ள ஆண்டு முழுதும் ஓடும் நீர் எதுவுமில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்தால் கண்மாய் நிறையும். பொய்த்தால் கண்மாய் விளையாட்டுத் திடலாகும். தண்ணீருக்குத் தவிக்கும் சீமை என்று ஊரெல்லாம் பெயரெடுத்த இந்த மாவட்டத்தைத்தான் நீர்ப்பறவைகள் தேர்ந்தெடுத்திருக்கின்றன என்பது இறைவனின் திருவிளையாட்டே அன்றி வேறென்ன! எங்களுக்கு அண்மையிலுள்ள மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர்க் கண்மாய்கள் 1998-இல் பறவைகள் சரணாலயமாயின. ஏறத்தாழ 593 ஹெக்டேர் பரப்புடைய இது, தமிழகத்துப் பறவைச் சரணாலயங்களுள் பெரியது என்று சொல்லப்படுவது. முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 1989 முதலே சரணாலயங்கள். காஸ்பியன் கடலோரத்து ஈரான் நகரமான ராம்சரில் 1971-இல் உருவான உலக ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் இவ்விரண்டும் 2022-இல் இடம் பெற்றன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்காலும் 2025-இல் சேர்ந்தன. அதே ஆண்டில் தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பட்டியல் போதும், பறவைகளுக்கு வருவோம்.

ஐப்பசியில் முதல் மழை இறங்கிக் கண்மாயில் நீர் கட்டியதும் வானத்தில் வட்டமிடும் கூட்டங்களைக் காணலாம். முதலில் வருவோர் இறங்குவதில்லை. உயரத்தில் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். தண்ணீர் எவ்வளவு, மரங்கள் நீருக்குள் நிற்கின்றனவா, மீன் பெருகுமா என்றெல்லாம் ஆய்ந்து அறிந்த பிறகே குடும்பம் வருகிறது. பெண் பார்க்கும் வீட்டார்கூட இத்தனை நிதானம் காட்டுவதில்லை. கார்த்திகை பிறந்ததும் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கொக்கு வகைகள் எனக் கருவேல மரமொவ்வொன்றும் பல குடித்தனங்கள் வாழும் வளவாகிவிடும். சீமைக் கருவேலத்தை நிலத்தின் பகைவன் என்று நாம் ஏசுகிறோம். ஏசுவதற்குக் காரணமும் உண்டு. பறவையோ அதன் முள்ளிலும் கூடு கட்டுகிறது. எது நல்ல மரம் என்பதில் அதற்கு வேறு கருத்து.

மார்கழியும் தையும் அடைகாக்கும் காலம்; குஞ்சுகளின் காலம். மஞ்சள் மூக்கு நாரை ஏறத்தாழ 1 மாதம் அடைகாக்கும். பொரிந்த குஞ்சு பறக்க மேலும் 2 மாதமாகும். கூழைக்கடாவுக்கு இன்னும் கூடுதலான நாட்கள் வேண்டும். மாசி, பங்குனியில் கூட்டங்கள் கலையும். சித்திரை வெயிலில் கண்மாய் வெடித்துக் கிடக்கையில் மாரியூர், வாலிநோக்கம் உப்பளப் பக்கம் போனால் நெடுங்கால் உள்ளான் சிவந்த கால்களோடு நிற்கும். ஆட்காட்டி தரையில் முட்டையிட்டு, ஆடு வந்தாலும் ஆள் வந்தாலும் கூச்சலிட்டுப் பொறுப்பாய்க் காவல் காக்கும். ஆடிக்காற்றில் பெரிதாய் ஒன்றுமில்லை. மணலும் பருந்தும்தாம்.

இங்கே ஒரு மக்கள் நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. கண்மாயில் கூடு கட்டும் பறவைகளெல்லாம் சைபீரியாவிலிருந்து வந்த அயல்நாட்டு விருந்தாளிகள் என்று பேசுவதும் எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. அது சரியன்று. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் நம் துணைக்கண்டத்துப் பிறவிகள். நீர் இருக்கும் ஊரைத் தேடிச் செல்பவை, அவ்வளவே. மெய்யாகவே தொலைதூரத்திலிருந்து வருபவை இங்கே கூடு கட்டுவதில்லை. வடதுருவத்தை ஒட்டிய பனிவெளியில் பிறந்து, குருவியளவே உடல் கொண்ட சின்ன உள்ளான், 30 கிராமுக்கும் குறைவான எடையோடு நம் சேற்றுக்கு வந்து புழு பொறுக்கித் தின்றுவிட்டுத் திரும்புகிறது. அதன் உறவினரான பட்டைவால் மூக்கன் ஒன்று, பிறந்து 5 மாதமே ஆன குஞ்சு, 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 11 நாட்கள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. கூட்டங்களாய்க் கண்ணைக் கவரும் நாரையைக் கொண்டாடுகிறோம். சேற்றில் சேறாய் ஓடும் உள்ளானை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

‘வலசை’ என்பது நல்ல தமிழ்ச் சொல். ஓரிடம் விட்டு ஓரிடம் குடிபெயர்தலைக் குறிப்பது. இராமேஸ்வரம் சாலையில் பிரப்பன்வலசை என்னும் ஊர் உண்டு. எங்கள் மாவட்டத்தில் இவ்வாறு முடியும் ஊர்ப்பெயர்கள் இன்னும் உள. பெயர்ந்து வந்த மனிதர் தங்கிய இடங்கள் அவை. பறவைக்கும் மனிதருக்கும் ஒரே சொல்லை இந்த மண் வழங்கியிருக்கிறது. அரபு மொழியிலும் வலசைப் பறவையை ‘முஹாஜிர்’ பறவை என்றே இன்று வழங்குகிறார்கள். ஹிஜ்ரத் செய்த தோழர்களுக்குரிய அதே பெயர். சபர் போன கணவனின் கடிதத்திற்கும், பிறகு தொலைபேசி மணிக்கும், இப்போது கைப்பேசியில் தெரியும் முகத்திற்கும் காத்திருந்து காத்திருந்து பழகிய நம் வீட்டுப் பெண்களுக்கு, ஆண்டில் சில மாதம் மட்டும் ஓரிடத்தில் தங்கிப் போகும் உயிரைப் பற்றி எவரும் விளக்கத் தேவையில்லை. கொழும்பும் பினாங்கும் துபாயும் சவூதியும் கண்ட கரை இது.

எனினும் இந்த ஒப்புமையில் ஓர் இடர் இருக்கிறது. பறவையை நம்மைப் போல் ஆக்கிவிட்டோமாயின், மறுபடியும் அதில் நம்மையே பார்க்கிறோம்.

பசியோடு பார்க்கும் பார்வையை முதலில் எடுத்துக்கொள்வோம். எகிப்து நாட்டு ஷாஃபி அறிஞர் கமாலுத்தீன் தமீரி (ஹிஜ்ரி 808-இல் மறைந்தவர்) இயற்றிய ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் பெருநூல் விலங்கு, பறவைகளின் அகராதி. ஒவ்வோர் உயிரின் பெயர், தன்மை, அதைப் பற்றிய செய்திகள், அதை உண்பது ஆகுமா ஆகாதா, அதன் உடலுறுப்பு எந்த நோய்க்கு மருந்து, அதைக் கனவில் கண்டால் என்ன பலன் என்று வரிசையாகச் செல்லும். ‘லக்லக்’ எனும் நாரையை உண்ணலாமா என்பதில் ஷாஃபி மத்ஹபின் இமாம்களுக்குள்ளேயே இரு கருத்துகள் உண்டு. பெரும் கல்விக் கடல் அந்நூல்; அதைப் பழிப்பது என் நோக்கமன்று. சட்டம் தெரிந்துகொள்ளாமல் வாயில் போட்டுக்கொள்வதைக் காட்டிலும் சட்டம் கேட்பது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் ஒரு பறவையைப் பற்றி நாம் எழுப்பும் கேள்விகளின் வரிசை அங்கே கண்ணாடி போல் தெரிகிறது: தின்னலாமா, மருந்தாகுமா, எனக்கு என்ன பலன்?

இந்தக் கேள்வி வரிசையிலிருந்தே வேறொரு வாசல் திறந்ததும் உண்டு. இந்தியப் பறவையியலின் தந்தை எனப் போற்றப்படும் சாலிம் அலி, 1896-இல் மும்பையில் ஒரு சுலைமானி போஹ்ரா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக விளையாட்டுத் துப்பாக்கியால் அவர் வீழ்த்திய சிட்டுக்குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. வழக்கமான குருவியாய்த் தோன்றவில்லை. இது உண்ணத் தக்கதுதானா என்ற ஐயம் எழுந்தது. மாமா அமீருத்தீன் தயாப்ஜியிடம் கொண்டு சென்றார். மாமா அவரை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலர் மில்லார்டிடம் அனுப்பினார். அங்கே பெட்டி பெட்டியாகப் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளைக் கண்ட சிறுவன், அதன்பின் வாழ்நாளையே அவற்றிற்கு ஈந்தார். 1987-இல் அவர் மறையும்வரை அது ஓயவில்லை. ஹலாலா என்று கேட்கப் போன கேள்வி, இது என்ன என்று கேட்கும் கேள்வியாக மாறியது. ஆயினும் அந்தக் குருவி செத்துப்போனது என்பதையும் மறப்பதற்கில்லை. அக்கால ஆய்வு முழுதுமே சுட்டுச் சேகரிக்கும் ஆய்வுதான். அறிவுப் பசியும் பசிதான்.

அடுத்தது சகுனம் பார்க்கும் பார்வை. இதை நாம் எளிதாகத் தள்ளிவிடுகிறோம். ஆனால் அது வேறு உடையில் திரும்பி வருகிறது. திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளம் ஊரார் தங்கள் ஊருக்கு வரும் பறவைகளை நல்வரவின் அடையாளமாகக் கருதித் தலைமுறை தலைமுறையாய்க் காத்து வருகின்றனர். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பட்டியிலும் கொள்ளுக்குடிப் பட்டியிலும் பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகள் பட்டாசுக்கு அழாத ஊர்கள்! இவற்றைச் சகுன நம்பிக்கை என்று எந்த ஆலிமால் கண்டிக்க முடியும்? நற்குறியைக் கண்டு மகிழ்வதை நபிகளார் விரும்பினார்கள். தீக்குறி கண்டு காரியத்தைக் கைவிடுவதையே வெறுத்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் காட்டுகின்றன. அந்தப் பிரிவினை நுட்பமானது. நற்குறி மனிதனை முன்னே நடத்துகிறது. பறவையை விரட்டச் சொல்வதில்லை. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. 2 ஆண்டு மழை பொய்த்துப் பறவை வாராவிட்டால் அல்லது பறவை வந்தும் விளைச்சல் கெட்டால், அந்தக் காவல் நிற்குமா? கூந்தன்குளத்தார் நிற்பார்கள் என்றே நம்புகிறேன். அவர்களிடம் இருப்பது நம்பிக்கையைக் கடந்து பாசமாகிவிட்ட ஒன்று.

என் போன்றோரின் தொழிலுக்கே உரியது ஒரு பார்வை உண்டு. அதுதான் பாடம் கற்பிக்கும் பார்வை. காலையில் ஒட்டிய வயிற்றோடு புறப்பட்டு மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவையின் உவமையைத் தவக்குல் பற்றிய பயானில் சொல்லாத ஆலிம் இல்லை. சொல்ல வேண்டியதே. ஆனால் அடுத்த வாரம் அதே பறவையின் கண்மாய் வற்றினால், உவமை சொன்னவரும் கேட்டவரும் அதை அறிவதில்லை. மாணவர்களுக்கு நான் சொல்வது அபூ உமைர் எனும் சிறுவனின் செய்தி. அச்சிறுவனிடம் ‘நுகைர்’ என்றொரு சின்னக் குருவி இருந்தது, அது இறந்துபோனது. அவனைக் காண வந்த நபிகளார், குருவிக்கு என்னவாயிற்று என்று அவன் பெயரோடு இயைபுபடக் கேட்டு அவனைத் தேற்றினார்கள். தபரிஸ்தானத்து அறிஞர் இப்னுல் காஸ் இந்த ஒரு செய்தியிலிருந்து 60 பயன்களை எடுத்துக் காட்டித் தனி நூலே எழுதினார். அறுபதும் அருமையானவை. என்றாலும், பெரும்பொறுப்புகளைச் சுமந்த ஒருவர் ஒரு குழந்தையின் செத்த குருவியைப் பற்றிக் கேட்டார் என்பது, எந்தப் பயனையும் எடுக்காமலே, எனக்குப் போதுமாயிருக்கிறது.

திருமறையின் அல்அன்ஆம் அத்தியாயம் பறவைகளையும் மனிதரைப் போன்ற சமூகங்களாக எண்ணுகிறது. அந்நூர் அத்தியாயமோ, சிறகு விரித்த பறவைகள் தத்தம் வணக்கத்தைத் தாமே அறியும் என்ற கருத்தைத் தருகிறது. அவற்றின் துதியை நாம் விளங்கிக்கொள்ள மாட்டோம் என்ற குறிப்பும் வேறோரிடத்தில் வருகிறது. ஆக, பறவையின் மிக முக்கியமான அலுவல் நமக்குத் தொடர்பில்லாதது, நமக்குப் புரியாதது. கைப்பேசியையும் நீண்ட குழல் காமிராவையும் ஏந்திக்கொண்டு கூட்டுக்கு அருகே நெருங்கி, தாய்ப்பறவை பதறி எழும்பும் கணத்தைப் படமெடுத்து மகிழ்வோர், ‘நாங்கள் கல்லெறியவில்லையே’ என்பர். எழுந்த தாய் திரும்பும்வரை முட்டையைக் காய்வது வெயில். பக்கத்துக் கிளையில் காத்திருப்பது காகம். அரபியன் வலமா இடமா என்று பார்க்க விரட்டினான். இவர்கள் நன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க விரட்டுகிறார்கள்.

இடையே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நம் மாதங்கள் பிறையைப் பின்பற்றுவதால் ரமளான் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. என் இளமையில் மார்கழிக் குளிரில் நோன்பு வந்தபோது ஸஹர் முடித்துக் கரைக்குப் போனால் மரமெல்லாம் குஞ்சுகளின் இரைச்சல். பின்னர் கோடையில் நோன்பு வந்த ஆண்டுகளில் அதே கரை ஊமையாய்க் கிடந்தது. வரும் 2030-இல் ஜனவரியில் ஒன்றும் டிசம்பரில் ஒன்றுமாக 2 ரமளான் வருகின்றன; அல்லாஹ் நாடினால் மீண்டும் அந்த இரைச்சலோடு நோன்பு. நாம் சந்திரனை எதிர்பார்க்கிறோம். பறவை மழையை எதிர்பார்க்கிறது. ‘மான்சூன்’ என்று உலகம் வழங்கும் சொல்லே ‘மவ்ஸிம்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததுதான்.

இனி, பார்வையோடு முடியாத பகுதிக்கு வருகிறேன்.

சரணாலயத்தின் எல்லைக்கல் மனிதருக்குத் தெரியும், பறவைக்குத் தெரியாது. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் எல்லைக்கு வெளியே உள்ள சிறு கண்மாய்களிலும் அவை கூடு கட்டிவிடுகின்றன. அப்படியொரு கண்மாயின் கீழே நெல்லும் குண்டு மிளகாயும் போட்டிருக்கும் விவசாயி ஒருவர், எங்கள் மத்ரஸாவில் ஓதும் மாணவனின் தந்தை, ஒரு தை மாதத்தில் என்னிடம் கேட்டார்: “ஆலிம்சா, மடையைத் திறந்தால் மரத்தடி நீர் வடிந்துவிடும் என்கிறான் உங்களிடம் ஓதுகிற பையன். நாய் ஏறிவிடுமாம், குஞ்சு செத்துவிடுமாம். கண்மாயை வெட்டியது எங்கள் பாட்டன்மார். இதில் கொக்குக்கு என்ன ஹக் இருக்கிறது?”

பையன் சொன்னது உண்மை. நீருக்குள் நிற்கும் மரத்தைப் பறவை தேர்வதே நீர் அகழியாய்க் காப்பதால்தான். நீர் வடிந்தால் நாயும் நரியும் கீரியும் அடிமரம்வரை வந்துவிடும். மீனும் போய்விடும், தாய்ப்பறவை இரைக்கு நெடுந்தூரம் போக நேரும். தகப்பனார் சொன்னதும் உண்மை. கதிர் பால்பிடிக்கும் வேளையில் ஒரு தண்ணீர் தவறினால் ஆண்டின் உழைப்பு பதராகும். பயணமொன்றில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய் சிறகை விரித்துத் தவித்து வட்டமிட்டதையும், குஞ்சுகளைத் திருப்பி வைக்குமாறு நபிகளார் கட்டளையிட்டதையும் அபூதாவூதில் ஓதியிருக்கிறோம். ஆனால் அங்கே குஞ்சை எடுத்தவர்களுக்கு அதனால் உயிர் வாழ வேண்டிய தேவை இல்லை. இங்கே எவரும் குஞ்சைத் தொடவில்லை. கீழிருக்கும் தண்ணீரைத்தான் எடுக்கிறார்கள், அதுவும் தங்களுடையதை.

நூல்களைப் புரட்டினேன். இமாம் நவவியின் ‘மின்ஹாஜ்’ இதற்கு ஓர் அளவைத் தருகிறது. கிணறு வெட்டியவன் தன் தேவை போக மிஞ்சிய நீரைப் பிறருடைய பயிருக்குக் கொடுத்தாக வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் பிறருடைய கால்நடைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். பயிரைவிட உயிர் மேல் என்பதே அதன் சாரம். கண்மாய் ஊர்ப்பொது ஆதலின் அங்கே இது இன்னும் அழுத்தமாகும். கொக்கு எவருடைய கால்நடையுமன்று என்று வாதிடலாம். ஆனால் ஹிஜ்ரி 660-இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் மனிதன்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை எழுதும்போது, இனிப் பயன் தராத முதிய பிராணியையும் நோயுற்றதையும்கூடப் பேணச் சொல்கிறார். பயன் என்பது உரிமைக்கு அடிப்படையன்று என்று அவர் கண்டிருக்கிறார். ஆகவே விவசாயிக்குச் சொன்னேன்: தேவை உங்களுடையது, அதைப் பறவைக்காக விடும்படி சட்டம் சொல்லவில்லை. தேவை போக மிஞ்சியது உங்களுடையதன்று.

பறவையின் எச்சம் கரைந்த நீர் வயலுக்கு உரமாகும் என்பதை வேடந்தாங்கல் விவசாயிகள் நெடுங்காலமாய் அறிவர். தங்கள் ஏரியின் பறவைகளைக் காக்க 1798-இலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் உரிமைச் சாசனம் பெற்றவர்கள் அவர்கள் என்று கூறப்படுகிறது. அதை எடுத்துச் சொல்லியிருந்தால் அவர் எளிதில் இணங்கியிருப்பார். சொல்ல மனம் வரவில்லை. பறவை கூலி கொடுப்பதால்தான் அதற்கு நீர் என்றால், கூலி கொடுக்காத உள்ளானுக்கு என்ன சொல்வது?

அவர் விடவில்லை. “மிஞ்சியது எது என்று யார் அளப்பது, ஆலிம்சா? கடைசித் தண்ணீர் எனக்குத் தேவைதான். அதற்குமேல் மீன் பிடிக்க ஏலம் எடுத்தவன் வடியச் சொல்கிறானே, அது தேவையா, மிச்சமா?”

அங்கேதான் விடை இருந்தது என்று நினைக்கிறேன். கேட்டவரே அதை எடுத்துக் கொடுத்துவிட்டார். நாட்களை எண்ணிப் பார்த்தோம். அந்த ஆண்டு மார்கழி நடுவில் பொரிந்த நாரைக் குஞ்சுகள் மாசி நடுவில் பறந்துவிடும். கூழைக்கடாக் குஞ்சுகளுக்குப் பங்குனி பிறக்க வேண்டும். நெல்லுக்குத் தையோடு நீர்த் தேவை முடிகிறது. மிளகாய்க்கு இடையிடையே சிறிதளவு போதும். மடைக் கல்லில் எந்த வரைவரை நீர் நின்றால் மரங்களின் அடி நனைந்திருக்கும் என்பதைப் பையன் ஏற்கெனவே கரியால் கோடிட்டு வைத்திருந்தான். மீன் ஏலக்காரருக்கு ஒரு மாதம் தாமதமாகும். அவருக்கு இழப்பு உண்டு, இல்லையென்று சொல்வதற்கில்லை. அதை யார் ஈடு செய்வது என்பதற்கு மின்ஹாஜில் விடை கிடைக்கவில்லை.

“நான் ஒருவன் சொல்லி மடை நிற்காது. ஆயக்கட்டுக்காரர்களைக் கூட்டிப் பேச வேண்டும். ஏலம் எடுத்தவரையும் கூப்பிட வேண்டும்” என்று சொல்லிவிட்டு, மகனைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு அவர் மிளகாய்க் கொல்லைப் பக்கம் போனார்.